கபோவிலிருந்து: கேமரா கிலோ என்ன விலை?

எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்று தமிழ்ல எழுதாத ஆளே இல்லை. நானும் ரெண்டு பதிவு போட்டிருக்கேன். வாங்கினது கெட்டுப்போனா அதை எப்படிப் பெட்டியில வச்சு, எந்த நாட்டுக்கு, என்ன மதிப்பு எழுதி அனுப்புறதுன்னு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ரெண்டு மாசமா எனக்கு இதே வேலை. படிப்பா? அது ஒரு ஓரமா நடந்துக்கிட்டு இருக்கு :-)

கேமரா என்னோடது இல்லை. எங்க கட்டிடத்துல மேல் மாடியில இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணையோடது. பலெர்மோவுக்கு எண்பதுகள்ல இருந்தே ஈழத்தமிழர்கள் வந்துக்கிட்டு இருக்காங்க. அண்ணை வந்ததும் அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான். வாரநாள்ல ஒரு உணவகத்துல சமையல் வேலை. சனி ஞாயிறு ஆனா கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள், கோயில் திருவிழான்னு எல்லாத்துக்கும் படம் எடுக்கிறவர் அவர்தான். செப்டம்பர் 4 சாந்தா ரொசாலியா மலைக்கு நடந்து போற கூட்டத்துல நம்மாட்கள் நிறைய இருப்பாங்க. அந்தப் படங்களும் அவர் கைவண்ணம். எனக்கு "கேமரா", அவருக்கு "கமரா". இனி ரெண்டும் வரும், குழம்பாதீங்க.

அண்ணைக்கு இத்தாலியன் என்னைவிட நல்லா வரும். சந்தையில சிசிலியன்லயே சண்டை போடுவார். ஆனா அரசாங்கக் கடிதத்துல இருக்கிற இத்தாலியன் வேற மொழி. அதனால பல்கலைக்கழகத்துல படிக்கிற பையன்னா இந்தக் கட்டிடத்துல பாதிப் பேருக்கு நான்தான் கடிதம் வாசிக்கிறவன். ஊர்ல போஸ்ட்மேன் செஞ்ச வேலை. "தம்பி, ஒருக்கா உதை வாசிச்சுச் சொல்லும், என்ன கேக்கிறாங்கள் எண்டு" அப்படின்னு தான் இதுவும் ஆரம்பிச்சது. ஷட்டர் போயிடுச்சு. முன்னால ரெண்டு கலியாணம், ஒரு சாமத்திய வீடு முன்பணம் வாங்கியாச்சு. அனுப்பணும். எங்கேன்னு கேட்டா "லண்டனுக்குத்தான்"ங்கிறார். கூடவே ஒரு பழைய ஃபைலை எடுத்து நீட்டினார். அதுல இருந்தது 2021 கதை.

2021 ஏப்ரல்ல அண்ணை ஒரு லென்ஸை ரிப்பேருக்கு லண்டனுக்கு அனுப்பியிருக்கார். அங்கே மச்சான் இருக்கார், தெரிஞ்ச மெக்கானிக் இருக்கார், தமிழ்லயே பேசலாம். அதுக்கு முன்னால பல தடவை அனுப்பி எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை. ஆனா 2021 ஜனவரி 1-ல இருந்து பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தோட சுங்க எல்லைக்கு வெளியே போயிடுச்சு. பிரெக்சிட்டுன்னு ரெண்டு மூணு வருஷம் டிவியில கத்தினது எல்லாரும் கேட்டதுதான். அது தன் லென்ஸைப் பத்தினதுன்னு யாரும் நினைக்கலை.

போறப்போ "அன்பளிப்பு, 40 யூரோ"ன்னு எழுதிப் போச்சு. திரும்பி வர்றப்போ மச்சான் "கிஃப்ட், 40 பவுண்டு"ன்னு எழுதிட்டார். தனியாளுக்குத் தனியாள் அனுப்புற அன்பளிப்புக்கு இங்கே வரிவிலக்கு 45 யூரோ வரைக்கும்தான். 40 பவுண்டு அன்னைக்கு 46 யூரோ பக்கம்! ஒரு யூரோல போச்சான்னு கேட்காதீங்க, அது போகாம இருந்தாலும் மாட்டியிருக்கும். பெட்டியைத் திறந்தா உள்ளே 110 பவுண்டுக்கு ரிப்பேர் ரசீது இருக்கு. 40 பவுண்டு லென்ஸுக்கு 110 பவுண்டு ரிப்பேர் எவன் செய்வான்? இது இத்தாலியில இருந்து போன லென்ஸ்தான்னு நிரூபிங்கன்னு சுங்கத்துல கேட்டிருக்காங்க. போனப்போ எழுதின தாள்ல சீரியல் நம்பர் இல்லை, "பழைய லென்ஸ்"னு மட்டும் இருக்கு. கடைசியில 850 யூரோன்னு மதிப்புப் போட்டு சுங்க வரி, அதுக்கு மேல 22 சதவீதம் இவா, கூரியரோட கைச்செலவு. எல்லாம் சேர்த்து 250 யூரோவைத் தாண்டிடுச்சு. தன் சொந்த லென்ஸைத் தானே இறக்குமதி செஞ்ச கணக்கு.

(இவான்னா இத்தாலியில வாட் வரி. பேரைக் கேட்டா மாமி வீட்டு விருந்தாளி மாதிரி இருக்கும். 2013 அக்டோபர்ல இருந்து 22 சதவீதம்.)

அதோட முடியலை. லென்ஸ் முன்வளையம் வழியில நசுங்கியிருக்கு. காப்பீடு? எழுதின மதிப்புக்குத்தான், அதாவது 40 பவுண்டு. "கொஞ்சமாப் போட்டால் வரி வராது எண்டு எல்லாரும் சொன்னவை தம்பி."

எல்லாரும் சொல்றதுதான். உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க. இங்கே கொஞ்சம் நிக்கணும். அந்தத் தாள்ல மதிப்புன்னு ஒரே ஒரு கட்டம். சுங்கத்துக்காரர் அதைப் பார்த்து வரி போடுறார், காப்பீட்டுக்காரர் அதையே பார்த்துக் காசு தர்றார். முன்னவருக்குச் சின்னதா இருக்கணும், பின்னவருக்குப் பெருசா இருக்கணும்னு நாம ஆசைப்படுறோம். ஒரே கட்டத்துல ரெண்டு நம்பர் எழுத முடியாது. ரெண்டு பேரும் கேட்கிறது ஒரே கேள்வி: இது உண்மையில என்ன விலை, அதுக்கு என்ன அத்தாட்சி? கேமரா உடையுற வரைக்கும் நம்மகிட்ட அந்த அத்தாட்சியை யாரும் கேட்டதே கிடையாது.

சரி, காப்பீடே எடுக்கலைன்னா என்ன ஆகும்? கூரியர் தொலைச்சா அவன் தர மாட்டானான்னு கேட்டார் அண்ணை. தருவான். கிலோ கணக்குல!

சத்தியமா. எங்க வீட்டுக்குக் கீழே கபோ சந்தை. போர்த்தா கரினிக்குள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் கத்தரிக்காய், தக்காளி, வாள்மீன். ராகம் போட்டுக் கூவி விக்கிறாங்க, எல்லாம் கிலோ விலை. சட்டத்துக்கு கேமராவும் அப்படித்தான். இத்தாலிய சிவில் சட்டம் 1696-வது பிரிவு: நாட்டுக்குள்ள அனுப்புற சரக்கு தொலைஞ்சாலோ சேதமானாலோ நஷ்டஈடு கிலோவுக்கு ஒரு யூரோவுக்கு மேல போகாது. அண்ணையோட கேமரா பெட்டியோட சேர்த்து 1.6 கிலோ. மிலானோவுக்கு அனுப்பி வழியில காணாம போனா 1 யூரோ 60 சென்ட். ஒரு எஸ்பிரெஸ்ஸோ குடிச்சிட்டுக் கொஞ்சம் சில்லறையும் வச்சுக்கலாம். (வேணும்னே செஞ்சது, படுமோசமான கவனக்குறைவுன்னு நிரூபிச்சா இந்த வரம்பு கிடையாது. நிரூபிக்க வக்கீல் வேணும். வக்கீலுக்குக் கிலோ கணக்கு கிடையாது.)

எல்லை தாண்டி லாரியில போனா 1956-ல போட்ட ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, சி.எம்.ஆர்.னு சொல்றாங்க. அதுல கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு நாணயம், ஒரு எஸ்.டி.ஆர். ஒரு யூரோவைவிடக் கொஞ்சம் அதிகம். நம்ம 1.6 கிலோவுக்கு 16 யூரோ பக்கம் வரும். விமானத்துல போனா 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம், 2024 டிசம்பர் கடைசியில இருந்து கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். ஐம்பது யூரோ பக்கம். அதாவது மேல பறந்தா கேமராவுக்கு மரியாதை கொஞ்சம் கூடுது, அவ்வளவுதான். இந்தச் சட்டமெல்லாம் நிலக்கரியும் கோதுமையும் ஏத்துறவனுக்காக யோசிச்சது, அதுல ஒரு நியாயம் இருக்கு. பெட்டிக்குள்ள தங்கம் இருக்கா தக்காளி இருக்கான்னு ஓட்டுறவனுக்கு எப்படித் தெரியும்? தெரியணும்னா நாம மதிப்பைச் சொல்லி அதுக்குத் தனியாக் காசு கட்டணும்.

கட்டலாம்னு முடிவாச்சு. அண்ணை உடனே, "மூவாயிரம் குடுத்து வாங்கினது தம்பி, மூவாயிரம் எண்டு போடும்" அப்படின்னார். புதுசா இருந்தப்போ அந்த விலைதான். இவர் பாரிஸ்ல ஒரு சொந்தக்காரர்கிட்ட பழசா வாங்கினது, ரொக்கம், ரசீது கிடையாது. மூவாயிரம் போட்டா என்ன? பிரீமியம் மட்டும் கூடும், காசு கூடாது. உண்மையான மதிப்புக்கு மேல காப்பீடு செல்லாதுன்னு அதே சிவில் சட்டம் 1909-வது பிரிவு சொல்லுது. அப்ப குறைச்சுப் போடலாமா? அதுக்கு 1907-வது பிரிவு. பொருளோட மதிப்பு 1,500, நீங்க 500-க்குத்தான் காப்பீடு எடுத்தீங்கன்னு வைங்க. வழியில 300 யூரோவுக்குச் சேதம். 500-க்குள்ளதானே, முழு 300-ம் வரும்னு நினைப்போம். வராது. மூணுல ஒரு பங்குக்குத்தான் காப்பீடு, அதனால மூணுல ஒரு பங்கு, 100 யூரோதான். பாலிசியில வேற மாதிரி எழுதியிருந்தாத்தான் தப்பிக்கலாம். வாசிக்காம கையெழுத்துப் போடுறவங்க இதையாவது ஒரு தடவை தேடிப் பாருங்க.

ரசீது இல்லாத பொருளுக்கு மதிப்பை எப்படிக் காட்டுறது? பழைய கேமரா விக்கிற ஒரு கடையில கொண்டுபோய்க் காட்டி, மாடல், சீரியல் நம்பர், இதுவரை எத்தனை தடவை ஷட்டர் அடிச்சிருக்கு, நிலைமை, இன்னைக்குச் சந்தை விலை எல்லாம் எழுதி முத்திரை போட்டு வாங்கினோம். 1,500 யூரோ. அண்ணை முகம் வாடிப்போச்சு. பாதி விலைதான்னு கடைக்காரர் சொல்றதைக் கேட்க யாருக்குத்தான் பிடிக்கும்? அப்புறம் நாலு பக்கமும் படம், சீரியல் நம்பர் தெரியுற மாதிரி ஒண்ணு, பெட்டிக்குள்ள வச்சபிறகு ஒண்ணு, மூடின பிறகு ஒண்ணு. பேக்கிங் சரியில்லைன்னு காரணம் சொல்றது காப்பீட்டுக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு. பேட்டரியைக் கழட்டி வீட்டுலயே வச்சாச்சு. லித்தியம் பேட்டரியைத் தனியாப் பெட்டியில போட்டு விமானத்துல அனுப்ப ஏகப்பட்ட கட்டுப்பாடு, 2016-ல இருந்து பயணிகள் விமானத்துல சரக்கா ஏத்தவே கூடாது. ரிப்பேர்காரர்கிட்ட அவரோட பேட்டரி இருக்கும்.

அடுத்து, எங்கே அனுப்புறது? நம்மாளுங்களுக்கு ஐரோப்பா முழுக்க ஒரே ஊர். சித்தப்பா பாரிஸ், அக்கா சூரிச், மச்சான் லண்டன், பெரியம்மா மகன் டோர்ட்முண்ட். கலியாணத்துக்கு எல்லாரும் ஒரே மண்டபத்துல நிப்பாங்க. சுங்கத்துக்கு அந்த மண்டபத்துக்குள்ள மூணு வேலி இருக்கு. பாரிஸும் டோர்ட்முண்டும் பலெர்மோவும் ஒரு பக்கம். 1993-ல இருந்து இதுக்குள்ள அனுப்புறதுக்குச் சுங்கத் தாளே கிடையாது. சூரிச் எப்பவுமே வெளியே, ஸ்விஸ் ஒன்றியத்துல சேரவே இல்லை. லண்டன் 2021-ல இருந்து வெளியே.

வெளியே அனுப்பித்தான் ஆகணும்னா அதுக்கும் ஒழுங்கான வழி இருக்கு. ஐரோப்பியச் சுங்கச் சட்டத்துல இதுக்கே ஒரு நடைமுறை, இத்தாலியன்ல "பெர்ஃபெத்ஸியோனமெந்தோ பஸ்ஸீவோ". வாய்ல நுழையாது, விஷயம் சிம்பிள்: "இது வேலைக்காக வெளியே போகுது, திரும்பி வரும்"னு போறப்பவே பதிவு பண்றது. ரிப்பேருக்குப் போற பொருளுக்குத் தனியா அனுமதி கேட்டு அலையாம, ஏற்றுமதித் தாளையே விண்ணப்பமா வைக்கிற வசதியும் இருக்கு. தாள்ல சீரியல் நம்பர் இருக்கணும். திரும்பி வர்றப்போ அதே நம்பர் இருக்கணும், ரிப்பேர் ரசீதும் இருக்கணும். அப்ப முழு கேமரா விலைக்கு வரி போட மாட்டாங்க, வெளியே நடந்த வேலைக்கும் போக்குவரத்துக்கும் மட்டும்தான். வாரண்டியில இலவசமாச் செஞ்சு குடுத்தா சுங்க வரியே இல்லை. இன்னொண்ணு, டிஜிட்டல் கேமராவுக்கு இங்கே சுங்க வரி கிடையாது, 1996 தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தோட புண்ணியம், இவா மட்டும்தான். லென்ஸ் தனியா வந்தா வரியும் உண்டு. அண்ணையோட 2021 கணக்கு ஏன் அவ்வளவு ஏறுச்சுன்னு இப்பத்தான் புரிஞ்சது. போய்ச் சேர்ற நாட்டுலயும் "ரிப்பேருக்கு வந்தது"ன்னு சொல்லணும், மறந்துடாதீங்க. இல்லைன்னா பிரிட்டன் 20 சதவீதம் கேட்கும், ஸ்விஸ் 8.1.

கலியாணத்துக்குப் படம் எடுக்கப் போறவங்க சிலர் கார்னேன்னு ஒரு பச்சை அட்டைப் புத்தகம் வச்சிருப்பாங்க. அதைக் காட்டினா பல நாடுகளுக்குள்ள கேமராவை வரி கட்டாமக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். அதை வச்சு அனுப்பலாமேன்னு ஒருத்தர் ஐடியா குடுத்தார். முடியாது. கார்னே தொழில் கருவியைக் கொண்டுபோய் வேலை செய்யத்தான். ரிப்பேருக்குப் போற பொருளுக்குச் செல்லாதுன்னு அந்த ஒப்பந்தத்துலயே இருக்கு.

சென்னை நண்பன் வழக்கம்போல, "இங்க குடுத்தனுப்பு மச்சி, ரிச்சி தெருவுல பாதிக் காசுல முடிச்சிடலாம்". முடிக்கலாம். திரும்பி வர்றப்போ? விமானத்துல வர்ற பயணி 430 யூரோ வரைக்கும்தான் பொருள் வரியில்லாமக் கொண்டுவரலாம். இது முன்னாடியே ஐரோப்பாவுல இருந்ததுன்னு காட்டத் தாள் வேணும். தபால்ல அனுப்பலாமான்னா, "கிஃப்ட்"னு எழுதி வர்றதுக்கு இருந்த வரிச் சலுகையை இந்தியா 2019 டிசம்பர்ல எடுத்துடுச்சு. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் விதிவிலக்கு. கேமராவுக்கு ராக்கி கட்டி அனுப்பினாலும் ராக்கி மட்டும்தான் தப்பிக்கும்!

ஊர்ல இருக்கிறவங்க எதிர்த்திசையில அனுப்புறதா இருந்தா 45/2017-ங்கிற சுங்க அறிவிக்கையை ஞாபகம் வச்சுக்கங்க. இந்தியாவுல இருந்து ரிப்பேருக்கு வெளியே போய் கெடுவுக்குள்ள திரும்பி வர்ற பொருளுக்கு, ரிப்பேரோட நியாயமான செலவு, ரெண்டு பக்கக் காப்பீடு, ரெண்டு பக்கப் போக்குவரத்து, இது மூணுக்கும்தான் வரி. அந்த "நியாயமான செலவு"ல ஒரு சூட்சுமம்: வாரண்டியில இலவசமாச் செஞ்சாலும், காசு குடுத்திருந்தா எவ்வளவு ஆயிருக்கும்னு கணக்குப் போடுவாங்க. இலவசம்னா இங்கே ஒரு அர்த்தம், அங்கே வேற அர்த்தம். அங்கேயும் ஏற்றுமதித் தாள்ல சீரியல் நம்பர்தான் உயிர். வெளிநாடு கிளம்புறப்போ விலையுள்ள கேமராவுக்கு விமானநிலையச் சுங்கத்துல ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வச்சுக்கிறதும் இதே காரணத்துக்குத்தான்.

கடைசியில கணக்குப் போட்டுப் பார்த்தோம். லண்டன்ல ரிப்பேர் 210 பவுண்டு, 245 யூரோன்னு வைங்க. இவா 60 சொச்சம். சுங்கத் தாள் போட்டுக் குடுக்கிற முகவருக்கு 70. ஜெர்மனியில ஒருத்தர் வரியோட சேர்த்து 330 யூரோ கேட்டார், எந்தத் தாளும் இல்லை. அண்ணைக்கு மனசில்லை. தமிழ்ல பேச முடியாத மெக்கானிக்கிட்ட ஷட்டர் எப்படிச் சத்தம் போடுதுன்னு எந்த மொழியில சொல்றது? "டக் எண்டு கேக்கோணும், இது ட்ரக் எண்டு கேக்குது." அதை ஒலிப்பதிவு பண்ணி ஈமெயில்ல அனுப்பினேன். "புரிஞ்சது"ன்னு ஒரு வரி பதில் வந்தது :-)

பெட்டியில ஒட்ட ஃபாரம் வாங்க வியா ரோமா தலைமைத் தபால் நிலையம் வரைக்கும் நடந்தோம். ஆஞ்ஜொலோ மத்ஸோனி கட்டினது, 1934. பெரிய பெரிய தூண், வெள்ளைக்காரப் பூதம் மாதிரி நிக்கும். அதோட கூட்ட அறைக்காகவே பெனெதெத்தா கப்பா மரினெத்தின்னு ஒரு ஓவியர் அஞ்சு பெரிய ஓவியம் வரைஞ்சு குடுத்தாங்க. தரை, கடல், ஆகாயம், தந்தி-தொலைபேசி, வானொலின்னு அஞ்சு வகைத் தகவல் தொடர்பு. எண்பது வருஷம் அந்த இடத்தை விட்டு நகரலை. 2014-ல முதல் தடவையா நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போயிட்டு வந்தது. பார்சல் அனுப்புறதைப் பத்தின ஓவியமே பார்சலாப் போயிருக்கு பாருங்க.

ஓவியங்களுக்கு எடுக்கிற காப்பீட்டுக்கு இத்தாலியன்ல அழகான பேர், "கியோதோ அ கியோதோ". ஆணியில இருந்து ஆணி வரைக்கும். சுவர்ல இருந்து கழட்டின நிமிஷத்துல இருந்து, வழி, கண்காட்சி, திரும்ப வந்து அதே ஆணியில மாட்டுற வரைக்கும். அதைக் கேட்டதும்தான் நம்ம பாலிசியைத் திரும்ப வாசிச்சேன். போறதுக்கும் வர்றதுக்கும் மட்டும் இருக்கு, ரிப்பேர் கடையில கிடக்கிற நாளுக்கு எதுவும் இல்லை. ஜெர்மன்காரருக்கு இன்னொரு ஈமெயில். கடைக்குள்ள இருக்கிறப்போ தன்னோட காப்பீட்டுல அடங்கும்னு எழுதிக் குடுத்தார். அந்த ஈமெயிலையும் பிரிண்ட் எடுத்து அண்ணையோட ஃபைல்ல வச்சாச்சு.

பத்தொன்பது நாள் ஆச்சு. நடுவுல ஒரு கலியாணம் கத்தானியாவுல இருந்து இரவல் வாங்கின கேமராவுல நடந்தது. மற்ற ரெண்டுக்கும் சொந்த கேமரா வந்துடுச்சு. ரிப்பேர் 330, ரெண்டு பக்கமும் அனுப்பிக் காப்பீடு போட்டது 74. அண்ணை முதல் வேலையா ஜன்னல் பக்கம் நின்னு சந்தையைப் பார்த்து பத்துப் பதினைஞ்சு தடவை அழுத்தி, படத்தைப் பார்க்காம சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தார்.

பிறகு அந்த 2021 ஃபைலைத் திரும்ப எடுத்தார். அன்னைக்குக் கட்டின 250 யூரோவைத் திருப்பிக் கேட்க முடியுமா? தேவையில்லாமக் கட்டின சுங்க வரியைத் திருப்பிக் கேட்க சட்டத்துல இடம் இருக்கு, அத்தாட்சி இருந்தா. லென்ஸ் வாங்கினப்போ குடுத்த கடை ரசீது அந்த ஃபைல்லயே கிடந்தது, பலெர்மோ கடை, 2018, சீரியல் நம்பரோட. ஆனா கெடு மூணு வருஷம். 2024 ஏப்ரலோட முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்.

"அப்ப நீர் இஞ்சை வரேல்லைத்தானே தம்பி" என்றார்.